சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்க வருவதும் கம்பெனி போடுவதும்

தமிழ்நாட்டிலிருந்து வருகிற பலருடைய திட்டம் ஒரே மாதிரிதான். குடும்பத்தோடு ஒரு வாரம் ஊரைச் சுற்றுவது, அப்படியே தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு கம்பெனியையும் பதிவு செய்துவிடுவது. செய்ய முடியாத காரியம் இல்லை. ஆனால் இந்த ஊரின் போக்கை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே தருகிற ஒவ்வொரு அனுமதியும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் செல்லும். வருகை அட்டை விசா ஆகாது. விசாவைப் பார்த்து எத்தனை நாள் தங்கலாம் என்று சொல்ல முடியாது. தங்க அனுமதி இருந்தால் வேலை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. கம்பெனியே உங்களுடையது என்றாலும் அதில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். சிக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதில் ஏதோ ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான்.

வந்து இறங்குவதிலிருந்தே தொடங்குவோம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தேவையில்லை. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற விசா முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசாங்கக் கட்டணம் 30 வெள்ளி. வெள்ளி என்று இந்தப் பதிவில் வருவதெல்லாம் சிங்கப்பூர் டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்ப வராது. மீதி முகவரின் கூலி, அது ஆளுக்கு ஆள் மாறும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். தொழில் சந்திப்புக்காக வருகிறவர் இங்குள்ள நிறுவனத்திடமிருந்து வி39ஏ என்ற அறிமுகக் கடிதம் வாங்கி இணைப்பது நல்லது. சுற்றுலா என்று எழுதிவிட்டு, விமான நிலையத்தில் அதிகாரி கேட்டதும் ஐந்து நிறுவனங்களின் பெயரை அடுக்கினால் கேள்வி நீளும்.

எஸ்ஜி வருகை அட்டை வேறு. விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பயணிகளும் அதை நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்திலோ அதன் செயலியிலோ நிரப்பலாம். கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் காசு கேட்கும் தளங்களும் வரும். வங்கி அட்டை எண்ணைக் கேட்கிற இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அப்பா பெயர் இன்னொரு பக்கத்தில் இருக்கும். விமான நிறுவனம் டிக்கெட்டில் அதே பெயரை இரண்டு தடவை போட்டிருக்கும். வருகை அட்டையில் டிக்கெட்டைப் பார்த்து எழுதாதீர்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பிறகு கம்பெனி பதிவு, வங்கிக் கணக்கு, வேலை அனுமதி எல்லாவற்றுக்கும் அதே எழுத்துக்கோவைதான் வேண்டும். ஒரு தாளில் இனிஷியலோடும் இன்னொரு தாளில் விரித்தும் இருந்தால் வங்கிக்காரர்கள் விளக்கக் கடிதம் கேட்பார்கள்.

உள்ளே வந்தபின் கடவுச்சீட்டில் முத்திரை விழாது. மின்னஞ்சலுக்கு ஒரு இ-பாஸ் வரும், எந்தத் தேதிவரை தங்கலாம் என்பது அதில்தான் இருக்கும். விசாத் தாளில் ஒரு மாதமோ இரண்டு வருடமோ போட்டிருக்கலாம். அது வந்து நுழைவதற்கான காலம், தங்குவதற்கான காலம் அல்ல. அதனால் வருகை அட்டையில் மின்னஞ்சல் முகவரியை எழுத்துப் பிழை இல்லாமல் கொடுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் நிரப்பும்போது, இ-பாஸ் பிள்ளையின் மின்னஞ்சலில் தூங்கிக்கொண்டிருக்கும், பெற்றோருக்குத் தேதியே தெரியாது. கெடு தாண்டித் தங்குவது இங்கே சிறைத் தண்டனைவரை போகக்கூடிய குற்றம்.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதில் நம் ஊர்க்காரர்கள் தடுக்குகிற இடங்கள் சில. ஹான்ஸ், குட்கா மாதிரி மெல்லும் புகையிலை எதுவாக இருந்தாலும் தடை. மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை எதுவும் இல்லை. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு மருத்துவர் சீட்டு மட்டும் போதாது, சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலையும் பயணத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமோ அதற்குச் சமமானதோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். சூயிங்கம் தடை எல்லோருக்கும் தெரியும், 1992 முதல் இருக்கிறது. போதைப்பொருளுக்கு மரண தண்டனை உண்டு. யாராவது "இந்தப் பொட்டலத்தை மட்டும் அங்க அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க" என்று கொடுத்தால், உறவாக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சுற்றிப் பார்ப்பது பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இணையம் முழுக்க அதுதான் கிடக்கிறது. காசு விஷயம் மட்டும் சொல்கிறேன். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேரும் என்று பொருள். 20 வெள்ளிச் சாப்பாடு முதலில் 22 ஆகும், அதன்மேல் வரி ஏறி 23 வெள்ளி 98 காசில் வந்து நிற்கும். நான்கு பேர் சாப்பிட்டால் வித்தியாசம் பதினாறு வெள்ளி. தேக்கா நிலையத்திலோ வேறு உணவங்காடியிலோ இந்தச் சங்கதி கிடையாது. பலகையில் எழுதிய விலைதான் விலை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம்வரை போகும். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது குப்பையல்ல, யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் வருவதானால் எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் போதும், அது நேரே லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வரும். வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். டாக்சியில் நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரை மீட்டருக்கு மேல் பாதி கூடும். மின்செருகி மூன்று சதுரக் கால் கொண்டது, இந்திய உருண்டைக் கால் நுழையாது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது; மற்ற இடங்களிலும் இரவு 10.30க்கு மேல் கூடாது. நகை, மின்சாதனம் வாங்கினால் ஒரே கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு வந்தால் சாங்கி விமான நிலையத்தில் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். பெட்டியை உள்ளே போடுவதற்கு முன்பே அங்குள்ள இயந்திரத்தில் பதிய வேண்டும், சோதனைக்குப் பொருளைக் காட்டச் சொல்லலாம். இதை மறந்து பெட்டியை அனுப்பிவிட்டுப் பிறகு முகப்பில் நின்று வாதாடுகிறவர்கள் தினமும் உண்டு.

இனி தொழில்.

வருகை அனுமதியில் வந்தவர் என்னென்ன செய்யலாம்? சந்திப்பு நடத்தலாம், பேரம் பேசலாம், இடம் பார்க்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், கண்காட்சியைச் சுற்றி வரலாம். கண்காட்சியில் நீங்களே அரங்கம் போட்டு நிற்பதானால், வந்து சேர்ந்தபின் நிற்பதற்கு முன் மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் அறிவிக்க வேண்டும்; அப்படி அறிவித்துச் செய்யும் வேலைகளுக்கு ஒரு வருடத்தில் மொத்தம் 90 நாள்தான். தீபாவளிச் சந்தையில் கடை போட்டுச் சேலை விற்பது இந்தக் கணக்கில் வராது. அண்ணன் கடையில் "சும்மா" கல்லாவில் உட்காருவதும் வேலைதான். சம்பளம் வாங்கவில்லை என்பது பதிலாக எடுபடாது. கோயிலில் சொற்பொழிவாற்ற வருகிறவருக்கு ஏற்பாட்டாளர் தனியாக ஒரு பாஸ் எடுக்க வேண்டும். பேச்சாளர் வந்து இறங்கிய பிறகு இது ஞாபகம் வந்தால் நிகழ்ச்சி தள்ளிப்போகும்.

கம்பெனி பதிவு இருப்பதிலேயே எளிய பகுதி, அதனால்தான் அதை வைத்தே எல்லோரும் ஏமாறுகிறார்கள். பதிவு நடப்பது கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில். பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300, ஆக 315. மூலதனம் 1 வெள்ளி இருந்தாலே சட்டப்படி போதும். எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே முடிந்துவிடும். பெயரில் வங்கி, நிதி, பள்ளி என்று ஏதாவது இருந்தால் வேறு அமைப்பின் பார்வைக்குப் போகும், வாரக்கணக்கில் ஆகலாம். அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் ஒரு கைப்பெட்டியும் ஒரு பாயும் போட்டுச் செட்டியார்கள் கடை நடத்தினார்கள். இப்போது அதற்குப் பதிலாகக் கீழே உள்ள மூன்றும் வேண்டும்.

முதலாவது, இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது. சிங்கப்பூரர், நிரந்தரவாசி, தகுந்த வேலை அனுமதி உள்ளவர் என்று யாராவது ஒருவர். இரண்டாவது, கம்பெனிச் செயலாளர். ஆறு மாதத்துக்குள் நியமிக்க வேண்டும், அவரும் இங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். இயக்குநர் ஒரே ஒருவர்தான் என்றால் அவரே செயலாளராக இருக்க முடியாது. மூன்றாவது, உள்ளூர் முகவரி. தபால் பெட்டி எண் ஆகாது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளக் கணக்கு இல்லாத வெளிநாட்டவர் தானே பதிய முடியாது, பதிவுபெற்ற சேவை நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும்.

உள்ளூர் இயக்குநருக்கு ஆள் இல்லாதவர்கள் பெயருக்கு ஒருவரை அமர்த்துவார்கள். 2025 ஜூன் 9 முதல் இதைத் தொழிலாகச் செய்பவரைப் பதிவுபெற்ற சேவை நிறுவனம்தான் ஏற்பாடு செய்ய முடியும், அவர் தகுதியானவர் என்று அந்த நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். பெயருக்கு இயக்குநர் என்பதையும் அக்ராவிடம் தெரிவிக்க வேண்டும். "மச்சான் நிரந்தரவாசி, அவர் பேரைப் போட்டுக்கலாம்" என்பது சட்டப்படி முடியும். ஆனால் மச்சானுக்கு என்ன வருகிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கணக்குத் தாக்கல் தவறினால் அபராதமும் நீதிமன்ற அழைப்பாணையும் அவருக்கும் வரும். சென்னையில் இருக்கும் உங்களைவிட ஈசூனில் இருக்கும் அவரைப் பிடிப்பது சுலபம்.

இந்தியாவிலிருந்து மூலதனம் அனுப்புவதுதான் அதிகம் பேர் சொதப்பும் இடம். தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர்வரை அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டில் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு வாங்க அனுப்பும் பணம் வெளிநாட்டு நேரடி முதலீடு. வங்கியில் எஃப்சி படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி எண் வாங்கிய பிறகுதான் பணம் கிளம்ப வேண்டும். அனுப்பிய ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை வங்கியில் காட்ட வேண்டும். பிறகு பொதுவாக ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31க்குள் ஆண்டு அறிக்கை. குடும்பச் செலவு என்று போட்டு அனுப்பிவிட்டு அதையே பங்கு மூலதனமாகக் காட்டினால், ஓரிரு வருடம் ஒன்றும் நடக்காது. இலாபத்தை ஊருக்குக் கொண்டுபோகும்போது வங்கி அந்தத் தனி எண்ணைக் கேட்கும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகும் இத்தகைய தொகைக்கு 20 சதவீதம் வரி முன்பிடித்தம் உண்டு. கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தக் காசு கையில் இருக்காது. 2023இல் வந்த, இந்தியாவின் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ் பணப் பரிமாற்ற முறையையும் சேர்க்கும் இணைப்பு தனிநபருக்குச் சிறு தொகை அனுப்பத்தான், மூலதனத்துக்கு அல்ல.

வங்கிக் கணக்கு பதிவைவிட மெதுவாக நடக்கும். என்ன தொழில், யார் வாடிக்கையாளர், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். இரண்டு மூன்று உண்மையான கொள்முதல் ஆணைகளோ ஒப்பந்தங்களோ கையில் இருந்தால் பேச்சு மாறிவிடும். "இறக்குமதி ஏற்றுமதி, பொது வணிகம்" என்று மட்டும் சொல்கிறவருக்கு இழுத்தடிக்கும்.

நிதியாண்டு முடியும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறுவன வரி 17 சதவீதம். புதிய கம்பெனிக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் முதல் 1,00,000 வெள்ளி வருமானத்தில் 75 சதவீதமும் அடுத்த 1,00,000இல் 50 சதவீதமும் விலக்கு. ஆக 2,00,000 வெள்ளி இலாபத்தில் 75,000க்குத்தான் வரி, 12,750 வெள்ளி. பங்குதாரர்கள் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. தனிநபர் ஒருவராவது 10 சதவீதம் வைத்திருக்க வேண்டும். முதலீட்டை மட்டும் வைத்திருக்கும் கம்பெனிக்கும் சொத்து மேம்பாட்டுக் கம்பெனிக்கும் இது கிடையாது. நவம்பரில் பதிந்துவிட்டுப் பழக்கதோஷத்தில் டிசம்பர் 31 என்று வைத்தால், மூன்று ஆண்டில் ஒன்று அந்த இரண்டு மாதத்துக்கே செலவாகிவிடும். அக்டோபர் 31 என்று வைத்தால் முழுப் பன்னிரண்டு மாதமும் கிடைக்கும். பன்னிரண்டைத் தாண்டவும் விடாதீர்கள், தாண்டினால் இரண்டு மதிப்பீட்டு ஆண்டாகப் பிரியும்.

பொருள் சேவை வரிக்குப் பதிவது வருடத்தில் 10 லட்சம் வெள்ளி விற்றுமுதலைத் தாண்டினால் கட்டாயம். அதற்குக் கீழே விருப்பத்தின்பேரில் பதியலாம், ஆனால் இரண்டு வருடமாவது நீடிக்க வேண்டும். பலசரக்குக் கடைக்காரருக்கு இது பெரும்பாலும் சுமைதான்.

வேலை அனுமதிக்கு வருவோம். கம்பெனி உங்களுடையது என்பதால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் தானாக வராது. உங்கள் கம்பெனி உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும், அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான். 2025 ஜனவரி முதல் குறைந்த மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். நிதித்துறை அல்லாத துறைகளில் 45 வயதை எட்டியவருக்கு 10,700. இதற்கு மேல் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் பல நாட்டவர் கலப்பு, உள்ளூர் ஆட்களின் பங்கு, இந்த நான்குக்கும் தலா 0, 10 அல்லது 20. நிபுணர், மேலாளர் தரத்தில் 25 பேருக்குக் குறைவாக உள்ள சிறிய நிறுவனத்துக்குக் கடைசி இரண்டிலும் தானாகவே பத்துப் பத்து. மீதி 20ஐச் சம்பளத்திலும் படிப்பிலும் எடுக்க வேண்டும். பட்டம் இருந்து, அதைச் சரிபார்ப்பு நிறுவனம் உறுதி செய்திருந்தால் 10. அப்புறம் சம்பளம் அந்தத் துறையில் உள்ளூர் நிபுணர்கள் வாங்குவதோடு ஒப்பிடுகையில் 65ஆம் விழுக்காட்டு நிலையையாவது (நூறு பேரில் 65 பேர் வாங்குவதைவிட மேலே) தொட்டால் இன்னொரு 10. பட்டம் இல்லாதவர் 90ஆம் நிலைக்குப் போனால்தான் சம்பளத்திலேயே 20 வரும். ஊரில் முப்பது வருடம் மளிகை மொத்த வியாபாரம் பார்த்த அனுபவத்துக்கு இந்தக் கட்டத்தில் புள்ளி இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான்.

தாளில் 5,600 எழுதிவிட்டு அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை யாராவது சொன்னால், அந்த ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது வழக்கு. குடும்பத்தை அழைத்துவர 6,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும். அப்பா அம்மாவுக்கு 12,000.

எல்லோருக்கும் பிடித்த கனவு உணவகம். இங்கே முதல் முட்டுக்கட்டை சமையல்காரர். சேவைத் துறையில் சாதாரண ஒர்க் பர்மிட்டில் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க முடியாது. மலேசியா, சீனா போன்ற நாடுகளிலிருந்துதான். 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒரு விலக்கு வந்தது: மாதம் 2,000 வெள்ளிக்குக் குறையாத சம்பளம், மொத்த ஆட்களில் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எட்டுப் பத்துப் பேர் வேலை பார்க்கும் கடையில் இந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கம் என்று போட்டுப் பாருங்கள். அதோடு சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்தமே 35 சதவீதம்தான், அதாவது ஒரு வெளிநாட்டவருக்குச் சுமார் இரண்டு உள்ளூர் ஊழியர். பரோட்டா மாஸ்டர் கிடைத்த பிறகு கடை பாருங்கள்; கடை வாடகை ஓட ஆரம்பித்த பிறகு மாஸ்டரைத் தேடாதீர்கள்.

இடம் பார்க்கும்போது அந்த முகவரி உணவகமாகப் பயன்படுத்த ஒப்புதல் பெற்றதா என்பதை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். துணிக்கடையாக இருந்ததைச் சமையல்கூடமாக மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒப்ப வேண்டும், ஒப்பாமலும் போகலாம். புகைக் குழாய் எந்த வழியாக மேலே போகும், கழிவுநீரில் போகும் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி எங்கே வைக்கலாம் என்பதை வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பின் கடை உரிமம் வருடம் 195 வெள்ளி, அது பெரிய விஷயமில்லை. உணவைத் தொடும் ஒவ்வொருவரும் உணவுப் பாதுகாப்பு முதல்நிலைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

கம்பெனி போட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் மறப்பது தேதிகளை. நிதியாண்டு 2026 அக்டோபர் 31இல் முடிகிறது என்று வையுங்கள். மதிப்பிட்ட வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் 2027 ஜனவரி 31க்குள் சொல்ல வேண்டும். விற்றுமுதல் 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்து வருமானமும் இல்லையென்றால் விலக்கு. பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏப்ரல் 30க்குள். அக்ராவுக்கு ஆண்டறிக்கை மே 31க்குள், கட்டணம் 60 வெள்ளி. தாமதமானால் மூன்று மாதத்துக்குள் 300, அதற்கு மேல் 600. வரிப் படிவம் நவம்பர் 30. விற்றுமுதல், சொத்து, ஆள் எண்ணிக்கை ஆகிய மூன்றில் இரண்டிலாவது 1 கோடி வெள்ளி, 1 கோடி வெள்ளி, 50 பேர் என்ற வரம்புக்குள் இருக்கும் சிறிய கம்பெனிக்குத் தணிக்கை தேவையில்லை. கணக்கு எழுதுவது தேவை.

வியாபாரமே நடக்கவில்லை என்றாலும் ஆண்டறிக்கை போக வேண்டும். இனி வேண்டாம் என்று முடிவானால் பெயரை நீக்க அக்ராவுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வரி பாக்கி, தாக்கல் பாக்கி, வங்கியில் மிச்சப் பணம், வழக்கு எதுவும் இருக்கக்கூடாது. முதலில் வங்கிக் கணக்கை மூடுங்கள், பிறகு வரி ஆணையத்திடம் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அதன்பின் விண்ணப்பம். எல்லாம் சுத்தமாக இருந்தாலும் நான்கு மாதமாவது ஆகும். அதுவரை பெயருக்கு இருக்கும் இயக்குநரும் செயலாளரும் தங்கள் கட்டணத்தைக் கேட்பார்கள்.